சிஆர்பி ஏன் ஏறுகிறது, ஆல்புமின் ஏன் இறங்குகிறது: அழற்சியின்போது கல்லீரலுக்கு வரும் ஆணைகள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: நிமோனியாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஒருவருக்கு இரண்டாம் நாள் எடுத்த இரத்தப் பரிசோதனையில், அழற்சியின்போது கல்லீரல் சுரக்கும் சி-ரியாக்டிவ் புரதமான சிஆர்பி லிட்டருக்கு 180 மில்லிகிராம் என்றும், இரத்தத்தின் முதன்மைப் புரதமான ஆல்புமின் டெசிலிட்டருக்கு 2.9 கிராம் என்றும் வந்திருக்கிறது. சீரம் இரும்பு குறைவு, இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் அதிகம், சிவப்பணுக்கள் படியும் வேகமான இஎஸ்ஆர் அதிகம். ஆனால் கல்லீரல் நொதிகள் இயல்பான அளவில் இருக்கின்றன. நோய் நுரையீரலில் இருக்க, கல்லீரல் செய்யும் புரதங்கள் ஏன் மாற வேண்டும், இதில் வெள்ளையணுக்கள் செய்வது என்ன என்பது கேட்டவரின் ஐயம்.

இந்த எண்களில் பெரும்பாலானவை கல்லீரலின் நோயைக் காட்டுபவை அல்ல. நுரையீரலில் பாக்டீரியாவை எதிர்கொண்ட நோயெதிர்ப்புச் செல்கள் சைட்டோகைன் எனப்படும் சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கின்றன. அவை இரத்தத்தில் கலந்து கல்லீரலை அடைகின்றன. அவற்றுள் முதன்மையானதான இன்டர்லூக்கின்-6 என்ற சைட்டோகைனுக்கு ஒரு நல்ல கல்லீரல் தரும் மறுமொழியைத்தான் அந்த அறிக்கை காட்டுகிறது. இங்கே கல்லீரல் செல் அந்தப் பாக்டீரியாவைச் சந்திப்பதே இல்லை. தன்னிடம் வந்து சேரும் சைட்டோகைன்கள் எவை, எவ்வளவு, எத்தனை நேரமாக வந்துகொண்டிருக்கின்றன என்பதை வைத்தே எந்த மரபணுவை முடுக்குவது, எதை அடக்குவது என்பது அங்கே தீர்மானமாகிறது. எனவே சிஆர்பி அளவைப் பார்ப்பவர் உண்மையில் பார்ப்பது கல்லீரலுக்கு வந்த சமிக்ஞையின் அளவை; நோயின் அளவு அதற்குப் பின்னால், ஒரு படி தள்ளி நிற்கிறது. நடைமுறையில் இந்த எண்களைத் தவறாகப் புரிந்துகொள்ளும் பல சந்தர்ப்பங்கள், என் கருத்தில், இந்த ஒரு படி மறந்துபோவதால் வருபவை.

சமிக்ஞைகளை வாங்கிக்கொள்வதற்குக் கல்லீரலின் அமைப்பே தோதானது. நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இரத்தம் அதற்குள் பாய்கிறது. அதில் முக்கால் பங்கு, குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. உள்ளே இரத்தம் ஓடும் சைனுசாய்டு எனப்படும் நுண்குழாய்களின் சுவர்ச் செல்களில் துளைகள் இருப்பதால், பிளாஸ்மா தடையின்றிக் கசிந்து கல்லீரல் செல்களின் மேற்பரப்பை நனைத்துச் செல்கிறது. செய்து முடித்த புரதங்களும் அதே வழியாக இரத்தத்தில் சேர்கின்றன. அந்த நுண்குழாய்களுக்குள்ளேயே குப்ஃபர் செல்கள் என்ற மேக்ரோஃபேஜ்கள், அதாவது கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள், குடியிருக்கின்றன. உடலின் உறுப்புகளில் நிலையாகத் தங்கியிருக்கும் மேக்ரோஃபேஜ்களில் பத்தில் எட்டுக்குக் குறையாத பங்கு இவைதான் என்பது பாடநூல்கள் தரும் மதிப்பீடு.

ஆகவே சமிக்ஞை வருவதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது தொலைவழி: நுரையீரலிலோ மூட்டிலோ தோலிலோ உள்ள மேக்ரோஃபேஜ்களும் மோனோசைட்டுகளும், அவற்றால் தூண்டப்படும் ஃபைப்ரோபிளாஸ்ட், இரத்தக்குழாய்ச் சுவர்ச் செல்கள் போன்றவையும் இன்டர்லூக்கின்-6ஐச் சுரக்க, அது இரத்தத்தோடு கல்லீரலுக்கு வருகிறது. இரண்டாவது அண்டைவழி: குடலிலிருந்து கசிந்த எண்டோடாக்சின், அதாவது கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களின் மேலுறைப் பொருள், போர்ட்டல் இரத்தத்தில் வரும்போது குப்ஃபர் செல்கள் தம் டிஎல்ஆர்-4 ஏற்பியால் அதை உணர்ந்து, பக்கத்திலேயே இருக்கும் கல்லீரல் செல்களின் மேல் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 ஆகியவற்றைச் சுரக்கின்றன. இவற்றைத் தவிர, டிஎச்17 எனப்படும் டி செல்களும் குடல் போன்ற எல்லைத் திசுக்களில் உள்ள சில உள்ளார்ந்த லிம்ஃபாய்டு செல்களும் சுரக்கும் இன்டர்லூக்கின்-22ம் கல்லீரல் செல்லில் ஏறக்குறைய இன்டர்லூக்கின்-6 நடக்கும் பாதையிலேயே நடக்கிறது.

மேக்ரோஃபேஜ் இடையில் நின்று சொன்னால்தான் கல்லீரல் கேட்கிறது என்பது எளிய ஒரு செல் வளர்ப்புச் சோதனையில் தெளிவாகிறது. தனியாகப் பிரித்து வளர்த்த கல்லீரல் செல்களுக்கு எண்டோடாக்சினை மட்டும் கொடுத்தால், அவை உருவாக்கும் அழற்சிப் புரதங்களில் பெரிய மாற்றம் தெரியாது. அதே எண்டோடாக்சினை மேக்ரோஃபேஜ்களுக்குக் கொடுத்து, சில மணி நேரம் கழித்து அவை வளர்ந்த திரவத்தை மட்டும் எடுத்துக் கல்லீரல் செல்களுக்கு இட்டால், இரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் உள்ளிட்ட புரதங்களின் உற்பத்தி கூடுகிறது. அந்தத் திரவத்தில் இருந்த பொருளுக்கு 1980களின் தொடக்கத்தில் ‘கல்லீரல் செல் தூண்டு காரணி’ என்று பொருள்படும் பெயரை வைத்திருந்தார்கள். அது எந்த மூலக்கூறு என்பது அப்போது தெரியவில்லை. 1986இல் ஜப்பானில் ஹிரானோவும் கிஷிமோட்டோவும் பி செல்களை எதிர்ப்பொருள் சுரக்கத் தூண்டும் ஒரு காரணியின் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். மறு ஆண்டே கனடாவில் ஜாக் கால்டியும் அவருடன் பணியாற்றியவர்களும், கல்லீரலைத் தூண்டும் பொருளும் அந்தக் காரணியும் ஒரே மூலக்கூறுதான் என்று காட்டினார்கள். அதுவே இன்று இன்டர்லூக்கின்-6 என்று வழங்குகிறது. எதிர்ப்பொருளுக்கும் கல்லீரல் புரதங்களுக்கும் ஒரே தூது போகிறது என்பது அன்றைக்கு எதிர்பாராத செய்திதான்.

சிஆர்பியின் கதை அதற்கும் அரை நூற்றாண்டு முந்தியது. 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டில்லெட்டும் தாமஸ் பிரான்சிஸும், நிமோனியா நோயாளிகளின் சீரம் நியூமோகாக்கஸ் பாக்டீரியாவின் சி-பாலிசாக்கரைடோடு சேர்ந்து வீழ்படிவாவதையும், நோய் தணிந்ததும் அந்தத் தன்மை மறைந்துவிடுவதையும் கண்டார்கள். எதிர்ப்பொருளாக இருந்திருந்தால் நோய் தணியும் காலத்தில்தான் அது கூடியிருக்க வேண்டும். பின்னர் நியூமோகாக்கஸுக்குத் தொடர்பே இல்லாத அழற்சிகளிலும் அந்தப் புரதம் தென்பட்டபோது, இது குறிப்பிட்ட கிருமிக்கான மறுமொழி அன்று, அழற்சிக்கே உரிய பொது மறுமொழி என்பது உறுதிப்பட்டது.

இன்டர்லூக்கின்-6 கல்லீரல் செல்லுக்குள் என்ன செய்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். செல்லின் மேற்பரப்பில் அதற்கென்று ஓர் ஏற்பி இருக்கிறது. அதில் இன்டர்லூக்கின்-6 ஒட்டியதும், ஜிபி130 என்ற இன்னொரு புரதம் இரண்டாக இணைந்து அதனுடன் சேர்கிறது. ஜிபி130 ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் உண்டு. முதல் ஏற்பியோ கல்லீரல் செல்கள், சில வெள்ளையணுக்கள் என்று வெகு சிலவற்றில்தான் இருக்கிறது. உடல் முழுக்கச் சுற்றும் ஒரு பொருளுக்குக் கல்லீரல் இவ்வளவு கூர்மையாகச் செவிசாய்ப்பதற்கு இது முக்கியக் காரணம். இணைந்த ஜிபி130இன் உட்பக்கத்தில் ஜேக் எனப்படும் நொதிகள் முடுக்கம் பெற்று, ஸ்டாட்-3 என்ற புரதத்தின் 705ஆம் இடத்திலுள்ள டைரோசினில் ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. பாஸ்பேட் ஏறிய ஸ்டாட்-3 மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, அழற்சிப் புரதங்களின் மரபணுக்களுக்கு முன்னால் உள்ள கட்டுப்பாட்டுப் பகுதிகளில் ஒட்டிக்கொள்கின்றன. ஏற்பியில் ஒட்டுவதிலிருந்து உட்கருவை அடைவதுவரை நடப்பதற்குச் சில நிமிடங்களே போதும். இதற்குத் துணையாக சி/ஈபிபி-பீட்டா என்ற இன்னொரு மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதமும் வேலை செய்கிறது. சிஆர்பி மரபணு முழுவீச்சில் இயங்க இரண்டும் தேவை.

இன்டர்லூக்கின்-6 மட்டும் வந்தால் ஒருவிதமாகவும், அதனுடன் இன்டர்லூக்கின்-1 அல்லது டிஎன்எஃப் சேர்ந்து வந்தால் வேறுவிதமாகவும் கல்லீரல் பதில் சொல்கிறது. சிஆர்பி, சீரம் அமிலாய்டு-ஏ, கிருமிகளை அழிக்கத் துணைசெய்யும் நிரப்பு மண்டலத்தின் புரதமான சி3 போன்றவை ஒரு குழு. இவற்றுக்கு இரு சமிக்ஞைகளும் சேர்ந்து வரும்போது, தனித்தனி விளைவுகளின் கூட்டுத்தொகையைவிட மிகுந்த தூண்டுதல் கிடைக்கிறது; இன்டர்லூக்கின்-1 தூண்டும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் ஸ்டாட்-3க்குத் தோள்கொடுப்பதே காரணம். ஃபைப்ரினோஜன், ஆல்பா-1 ஆன்டிடிரிப்சின் போன்றவை இன்னொரு குழு. இவற்றுக்கு இன்டர்லூக்கின்-6 ஒன்றே போதும். அதனுடன் இன்டர்லூக்கின்-1 சேர்வது ஃபைப்ரினோஜனின் தூண்டுதலைச் சற்று மட்டுப்படுத்தவும் செய்கிறது. இதற்கெல்லாம் மேலாக, அழற்சியின்போது அட்ரினல் சுரப்பியிலிருந்து கூடுதலாக வரும் கார்ட்டிசால், சைட்டோகைன்களின் விளைவைக் கல்லீரலில் பெருக்கிவிடுகிறது. ஸ்டீராய்டு என்றாலே அழற்சியை அடக்குவது என்று பழகிய மனத்துக்கு இது முரணாகப் படும். ஸ்டீராய்டு மேக்ரோஃபேஜ்களைச் சைட்டோகைன் சுரக்கவிடாமல் அடக்குகிறது. ஏற்கெனவே சுரந்து வந்துவிட்ட சைட்டோகைனுக்குக் கல்லீரல் செல் தரும் பதிலையோ வலுப்படுத்துகிறது. மருந்தாக ஸ்டீராய்டு கொடுக்கும்போது சிஆர்பி குறைவது முதல் விளைவினால்தான்.

உயர்வின் அளவும் புரதத்துக்குப் புரதம் வெகுவாக வேறுபடுகிறது. நிரப்புப் புரதம் சி3, செருலோபிளாஸ்மின் ஆகியவை ஒன்றரை மடங்கு அளவில் நின்றுவிடும். ஃபைப்ரினோஜனும் ஹாப்டோகுளோபினும் இரண்டு, மூன்று மடங்குவரை போகும். சிஆர்பியும் சீரம் அமிலாய்டு-ஏயும் ஆயிரம் மடங்குவரை ஏறக்கூடியவை. நலமாக உள்ளவரிடம் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகவே பெரும்பாலும் இருக்கும் சிஆர்பி, கடுமையான பாக்டீரியத் தொற்றில் 500 மில்லிகிராமையும் தாண்டுவதுண்டு.

மரபணு முடுக்கம் மட்டுமே இந்த ஏற்றத்துக்குப் போதாது என்பதைக் காட்டும் ஒரு நுட்பம், பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது, இங்கே சொல்லத் தக்கது. அமைதிக் காலத்தில் கல்லீரல் செல் உண்டாக்கும் சிறிதளவு சிஆர்பி உடனே வெளியேறுவதில்லை. புரதங்கள் உருவாகும் எண்டோபிளாச வலைக்குள் வேறொரு புரதத்தால் பிடித்துவைக்கப்படுகிறது. முயல்களின் கல்லீரல் செல்களில் அளந்தபோது, அமைதிக் காலத்தில் உருவான சிஆர்பியில் பாதி வெளியேறுவதற்கு ஏறத்தாழ 18 மணி நேரம் பிடித்தது. அழற்சி தூண்டப்பட்ட முயல்களின் செல்களில் அது 75 நிமிடமாகக் குறைந்தது. உற்பத்தியைக் கூட்டுவதும் வாசலைத் திறந்துவிடுவதும் சேர்ந்தே நடக்கின்றன.

வெளியேறிய புரதங்கள் எதற்கு என்றால், பெரும்பாலும் அந்த நோயெதிர்ப்புச் செல்களுக்கே உதவியாகத்தான். ஐந்து ஒரே மாதிரியான துணைக்கூறுகள் வளையமாகச் சேர்ந்த சிஆர்பி, கால்சியம் இருக்கும் இடத்தில், பாக்டீரியாவின் மேலுறையிலும் சிதைந்த செல்களின் சவ்விலும் வெளிப்படும் பாஸ்ஃபோகோலினைப் பற்றிக்கொள்கிறது. அதன் மறுபக்கத்தில் நிரப்பு மண்டலத்தின் சி1க்யூ வந்து ஒட்டுகிறது. குறியிடப்பட்ட பொருளை மேக்ரோஃபேஜ்கள் விழுங்கிவிடுகின்றன. ஹாப்டோகுளோபின், சிதைந்த சிவப்பணுக்களிலிருந்து கசியும் ஹீமோகுளோபினைப் பிடித்து, இரும்புக்கு ஏங்கும் கிருமிகளின் கைக்கு அது போகாமல் பார்த்துக்கொள்கிறது. ஆல்பா-1 ஆன்டிடிரிப்சின், நியூட்ரோஃபில்கள் கொட்டும் எலாஸ்டேஸ் நொதி நம் சொந்தத் திசுவையே கரைத்துவிடாமல் தடுக்கிறது. எனவே இதை வெறும் தாக்குதல் ஏற்பாடு என்று சொல்லிவிட முடியாது. தாக்குதலின் சேதத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடும் அதே ஆணையில் அடங்கியிருக்கிறது.

இனி நேரக் கணக்கு. தொற்று அல்லது காயம் தொடங்கி ஓரிரு மணி நேரத்தில் இன்டர்லூக்கின்-6 இரத்தத்தில் உயர்கிறது. சிஆர்பி ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குப் பிறகே அளவிடும்படியாக ஏறத் தொடங்கி, சுமார் 48 மணி நேரத்தில் உச்சத்தைத் தொடுகிறது. நோய் தொடங்கி மூன்று மணி நேரத்தில் எடுத்த சிஆர்பி இயல்பாக இருப்பது ஆறுதலுக்குரிய செய்தியே அல்ல. உச்சத்தைத் தொட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதை நிர்ணயிப்பது அதன் அரை ஆயுட்காலம். அது சுமார் 19 மணி நேரம், நோயிலும் நலத்திலும் மாறாதது. மேல்குழாயில் எவ்வளவு நீர் விழுந்தாலும், இருக்கும் நீரின் அதே விகிதத்தை ஒரே சீராக வெளியேற்றும் தொட்டியில், மட்டத்தைப் பார்த்தே மேல்குழாயின் நிலையை ஊகித்துவிடலாம், சிஆர்பியும் அப்படித்தான். கேள்வியில் உள்ள 180ஐயே எடுத்துக்கொள்வோம். இந்த நிமிடம் கல்லீரல் சிஆர்பி உற்பத்தியை முழுவதும் நிறுத்திவிட்டால், 24 மணி நேரம் கழித்து அளவு ஏறக்குறைய 75ஆக இருக்க வேண்டும். மறுநாள் 130 என்று வந்தால், குறைந்திருக்கிறதே என்று மகிழ்வது நியாயம்தான்; ஆனாலும் சமிக்ஞை இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்பதே அந்த எண்ணின் பொருள்.

இஎஸ்ஆர் இதற்கு நேர்மாறான மந்தப் போக்குடையது. சிவப்பணுக்களை அடுக்கடுக்காக ஒட்டவைத்து விரைவில் படியச் செய்வதில் ஃபைப்ரினோஜனுக்கே பெரிய பங்கு. அதன் அரை ஆயுட்காலம் நான்கு நாள் அளவில் இருப்பதால், நோய் தணிந்து சிஆர்பி இயல்புக்கு வந்த பிறகும் இஎஸ்ஆர் வாரக்கணக்கில் உயர்ந்தே இருக்கலாம். இரத்தசோகை, இம்யூனோகுளோபுலின் அளவு, வயது ஆகியவையும் அதில் தலையிடுகின்றன. கடும் தொற்றின் அன்றாடப் போக்கைத் தெரிந்துகொள்ள இஎஸ்ஆரைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் பயன் அதிகம் இல்லை.

ஆல்புமின் இறங்குவதைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் பாதிதான் சரி. இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-1, டிஎன்எஃப் ஆகியவை கல்லீரலில் ஆல்புமின் மரபணுவின் படியெடுப்பைக் குறைக்கின்றன என்பது உண்மை. டிரான்ஸ்தைரெட்டின், டிரான்ஸ்ஃபெரின், ரெட்டினாலைப் பிணைக்கும் புரதம் ஆகியவற்றுக்கும் அதே கதிதான். அமினோ அமிலங்களும் புரதம் கட்டும் இயந்திரமும் அவசரத் தேவைகளுக்குத் திருப்பிவிடப்படுகின்றன என்பது இதற்கு வழக்கமாகத் தரப்படும் காரணம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், இரண்டு நாளில் ஏற்பட்ட வீழ்ச்சியை இது விளக்காது. ஆல்புமினின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 20 நாள். உற்பத்தி அடியோடு நின்றால்கூட நாளொன்றுக்கு 3 முதல் 4 சதவீதம்தான் குறையும், 4.0ஆக இருந்தது இரண்டு நாளில் 3.7 அளவுக்கு வந்திருக்கலாம், 2.9க்கு வராது. மீதி வீழ்ச்சி பெரும்பாலும் கசிவினால் வருவது. அதே சைட்டோகைன்கள் இரத்த நுண்குழாய்களின் சுவரைத் தளர்த்திவிடுவதால், சாதாரணமாக மணிக்கு ஏறத்தாழ 5 சதவீதம் திசுக்களுக்குள் சென்று நிணநீர் வழியாகத் திரும்பிக்கொண்டிருக்கும் ஆல்புமின், கடும் தொற்றில் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் வெளியேறுகிறது. சிரைவழி ஏற்றும் திரவங்கள் இருப்பதையும் நீர்க்கச் செய்கின்றன. நோயாளியிடம் ஆல்புமின் குறைந்திருப்பதைக் கண்டதும் ‘சரியாகச் சாப்பிடவில்லை’ என்று முடிவுகட்டும் பழக்கம் இன்னும் பரவலாக இருக்கிறது. அழற்சி இருக்கும்போது ஆல்புமினையும் டிரான்ஸ்தைரெட்டினையும் ஊட்டச்சத்தின் அளவுகோலாகக் கொள்வதை விட்டுவிடுவதே சரி.

இரும்பு குறைந்து ஃபெரிட்டின் உயர்ந்திருப்பதற்கும் கல்லீரலே மையம். 25 அமினோ அமிலங்களே கொண்ட ஹெப்சிடின் என்ற சிறிய ஹார்மோனைச் சுரப்பது கல்லீரல் செல். அதன் மரபணுவையும் இன்டர்லூக்கின்-6 ஸ்டாட்-3 வழியாகத்தான் முடுக்குகிறது. செல்களிலிருந்து இரும்பு வெளியேறுவதற்கு உள்ள ஒரே வாயிலான ஃபெரோபோர்ட்டின் என்ற புரதத்தோடு ஹெப்சிடின் ஒட்டி, அதைச் செல்லுக்குள் இழுத்துச் சிதைத்துவிடுகிறது. பழைய சிவப்பணுக்களை விழுங்கி நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பை மீட்டுத் தருபவை மேக்ரோஃபேஜ்கள். பிளாஸ்மாவில் எந்த நேரத்திலும் இருக்கும் இரும்போ சுமார் 3 மில்லிகிராம்தான். மேக்ரோஃபேஜ்களின் வாயில் அடைபட்டதும் சில மணி நேரத்திலேயே சீரம் இரும்பு சரிகிறது. உள்ளே தேங்கும் இரும்பும், சைட்டோகைன்களின் நேரடித் தூண்டுதலும் சேர்ந்து ஃபெரிட்டினை உயர்த்துகின்றன. நோயெதிர்ப்புச் செல் கல்லீரலுக்குச் சமிக்ஞை அனுப்பி, கல்லீரல் பதிலுக்கு ஒரு ஹார்மோனை அனுப்பி, அந்த ஹார்மோன் மேக்ரோஃபேஜ்களுக்கே கதவைச் சாத்துகிறது. இந்தச் சுற்று சில நாளில் முடிந்தால் கிருமிக்கு இரும்பு கிடைக்காமல் போவது நன்மை; மாதக்கணக்கில் நீடித்தால் எலும்பு மஜ்ஜைக்கும் இரும்பு கிடைக்காமல் போய், நாள்பட்ட அழற்சியில் காணும் இரத்தசோகையாக அது முடிகிறது. அதே இன்டர்லூக்கின்-6 கல்லீரலில், தட்டணுக்களை உருவாக்கத் தூண்டும் திராம்போபாய்ட்டினின் உற்பத்தியையும் கூட்டுவதால், நாள்பட்ட அழற்சியில் தட்டணுக்கள் உயர்ந்திருப்பதும் வழக்கம்.

ஆணை எப்படி நிற்கிறது என்பதும் இதே பாதையில் அடங்கியிருக்கிறது. ஸ்டாட்-3 முடுக்கும் மரபணுக்களில் ஒன்று சாக்ஸ்-3. அது உருவாக்கும் புரதம் ஜிபி130இலேயே வந்து ஒட்டிக்கொண்டு ஜேக் நொதிகளை அடக்குகிறது. ஆகவே ஒவ்வொரு முடுக்கமும் தன் தடையையும் உடன் கொண்டே பிறக்கிறது. உற்பத்தி தொடர வேண்டுமானால் சைட்டோகைன் புதிது புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும். தொற்று அடங்கி மேக்ரோஃபேஜ்கள் இன்டர்லூக்கின்-10 போன்ற அடக்கும் சைட்டோகைன்களுக்கு மாறும்போது, வருகை நின்று கல்லீரல் தன் பழைய வேலைக்குத் திரும்புகிறது. அடங்காமல் ஆண்டுக்கணக்கில் போகும் அழற்சியில் சீரம் அமிலாய்டு-ஏயின் துண்டுகள் சிறுநீரகத்திலும் மண்ணீரலிலும் படிந்து ஏஏ அமிலாய்டோசிஸ் என்ற கடும் நோயை உண்டாக்கலாம். நல்ல நோக்கத்தில் செய்யப்பட்ட புரதம் நெடுநாள் தொடர்ந்தால் நோயாகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று இல்லை.

அளவுகள் ஏமாற்றும் இடங்களுக்கு வருவோம். வைரஸ் தொற்றுகளிலும், நோயெதிர்ப்பு தன் உடலையே தாக்கும் லூபஸ் நோயிலும் முன்னிற்கும் டைப்-1 இன்டர்ஃபெரான்கள் என்ற சைட்டோகைன்கள், கல்லீரல் செல்லில் சிஆர்பி மரபணுவின் முடுக்கத்தை மட்டுப்படுத்துகின்றன. லூபஸ் நோயாளிக்கு மூட்டிலும் சிறுநீரகத்திலும் அழற்சி கொழுந்துவிட்டு எரியும்போதும் சிஆர்பி மிதமாகவே இருப்பதுண்டு. அதே ஆளுக்கு அது திடீரென்று மிக உயர்ந்தால், நோயின் சீற்றம் என்று எண்ணுவதற்கு முன் பாக்டீரியத் தொற்றைத் தேடுவது மருத்துவர்களின் வழக்கம். கல்லீரல் செயலிழந்தவரிடம் ஆணை எவ்வளவு வலுவாக வந்தாலும் நிறைவேற்றும் செல்கள் போதாமையால் சிஆர்பி எதிர்பார்த்த அளவுக்கு ஏறாது.

இவை எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது டோசிலிசுமாப். முடக்குவாதத்துக்குத் தரப்படும் இந்த மருந்து இன்டர்லூக்கின்-6இன் ஏற்பியையே மறித்துவிடுகிறது. ஓரிரு வாரங்களில் சிஆர்பி ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகும். இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 அளவோ கூடுகிறது, ஏனெனில் ஏற்பியில் ஒட்டித்தான் அது அகற்றப்படுகிறது, அந்த வழி அடைபட்டுவிட்டது. இந்த மருந்தில் இருப்பவருக்கு நிமோனியா வந்தாலும் சிஆர்பி இயல்பாகவே இருக்கலாம். காய்ச்சலும் தணிந்து தெரியலாம். சிஆர்பி நோயை அளக்கவில்லை, சமிக்ஞையையே அளக்கிறது என்று மேலே சொன்னது, இந்த நோயாளியிடம் உயிர்காக்கும் அறிவாகிறது.

சிஆர்பியே தீங்கு செய்கிறதா, அதைக் குறைத்தால் மாரடைப்பு குறையுமா என்ற கேள்வியும் இங்கேதான் தெளிவு பெறுகிறது. பிறவியிலேயே சிஆர்பி சற்று உயர்ந்திருக்கும்படியான மரபணு வேறுபாடு உள்ளவர்களுக்கு இதயநோய் அதிகம் வருவதில்லை என்று பெரிய மரபணு ஆய்வுகள் காட்டின. இன்டர்லூக்கின்-6 ஏற்பியின் வேலையைக் குறைக்கும் மரபணு வேறுபாடு உள்ளவர்களுக்கோ அந்த ஆபத்து சற்றுக் குறைவு. 2017இல் வெளியான கான்டோஸ் ஆய்வில், மாரடைப்பு வந்து சிஆர்பியும் உயர்ந்திருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்குப் போலி மருந்தும் மற்றவர்களுக்கு இன்டர்லூக்கின்-1 பீட்டாவை மறிக்கும் கேனகினுமாப் மருந்தும் தரப்பட்டபோது, கொலஸ்டிரால் மாறாமலேயே, 150 மில்லிகிராம் அளவில் இதயநோய் நிகழ்வுகள் சுமார் 15 சதவீதம் குறைந்தன. உயிர்க்கொல்லித் தொற்றுகள் சற்றுக் கூடவும் செய்தன. கல்லீரலின் பதிலைக் காட்டிலும், அதற்கு மேலே இருக்கும் ஆணைதான் காரியத்துக்குக் காரணம் என்பதையே இந்த இரண்டு சான்றுகளும் சுட்டுகின்றன. எலிகளில் செய்த சிஆர்பி ஆய்வுகளை இந்த விவாதத்தில் கொண்டுவருபவர்களுக்கு ஒரு சொல்: சுண்டெலியில் அழற்சியின்போது சிஆர்பி அற்பமாகவே ஏறும், அங்கே அந்த இடத்தை வகிப்பது சீரம் அமிலாய்டு-பி. வெள்ளெலி வகைகளிலும் பெரிய எலிகளிலும் பட்டியல் வேறு. பெரிய எலியில் பன்மடங்கு ஏறும் ஆல்பா-2 மேக்ரோகுளோபுலின் மனிதரில் அசைவதே இல்லை.

கடைசியாக, கேள்வியில் இல்லாவிட்டாலும் படுக்கையருகே மிகவும் உதவும் ஒன்று. இரத்தத்துக்கு ஏற்றுமதியாகும் புரதங்களோடு கல்லீரல் தனக்கென்று வைத்துக்கொள்ளும் புரதங்களையும் இந்தச் சமிக்ஞைகள் மாற்றுகின்றன. மருந்துகளைச் சிதைக்கும் சைட்டோக்ரோம் பி450 நொதிகள் அவற்றுள் முக்கியமானவை. இன்டர்லூக்கின்-6 அவற்றில் பலவற்றின் உற்பத்தியைக் கீழே தள்ளுகிறது. மனநோய்க்கான க்ளோசபின் அல்லது ஆஸ்துமாவுக்கான தியோபிலின் வழக்கமான அளவில் உட்கொண்டுவரும் ஒருவருக்குக் கடும் தொற்று வரும்போது, மாத்திரையின் எண்ணிக்கை மாறாமலேயே இரத்தத்தில் மருந்தின் அளவு நச்சு எல்லையை எட்டிவிடலாம். இதன் மறுபக்கமும் உண்டு: முடக்குவாத நோயாளிகளுக்கு டோசிலிசுமாப் கொடுத்து ஒரு வாரம் கழித்து அளந்தபோது, கொலஸ்டிராலுக்கான சிம்வாஸ்டாட்டின் மருந்தின் அளவு இரத்தத்தில் பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தது, ஏனெனில் அழற்சி அடக்கிவைத்திருந்த நொதிகள் மீண்டும் உருவாகத் தொடங்கியிருந்தன. எனவே அழற்சி தொடங்கும்போது மட்டுமல்லாமல் அதை மருந்தால் அடக்கும்போதும், கல்லீரலில் சிதையும் குறுகிய பாதுகாப்பு எல்லை கொண்ட மருந்துகளின் அளவை மறுபடி பார்க்க வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் உட்கொள்பவர்களுக்கு, இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை அந்த நாட்களில் அடிக்கடி செய்யச் சொல்வதும் இதனால்தான்.